ஆய்வகத்தைக் கண்டுபிடித்த கணிமுறை: ஆழ்கடல் களிமண் தரவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரையிலிருந்து வெகுதொலைவில், நான்காயிரம் ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில், கடலடி பெரும்பாலும் பழுப்பு நிற நுண்களிமண்ணால் மூடப்பட்டிருக்கிறது. 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் இதை அள்ளி வந்தது. 'செங்களிமண்' என்ற பெயர் அந்தப் பயணத்தோடு நிலைத்தது. பசிபிக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுகள் தங்குவதில்லை, கரைந்துவிடுகின்றன. எஞ்சுவது காற்று கொண்டுவந்த தூசு, எரிமலைச் சாம்பல், மீன்களின் பல்லும் எலும்பும், நீரிலிருந்து மெல்லப் படியும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், பல இடங்களில் அதைவிடவும் குறைவு என்ற வேகத்தில்தான் இது சேர்கிறது. ஒரு சென்டிமீட்டர் களிமண் என்றால் பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

2011இல் யசுஹிரோ காட்டோ தலைமையிலான ஜப்பானியக் குழு, பசிபிக்கில் 78 இடங்களிலிருந்து எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அளந்து, இந்தக் களிமண்ணின் சில அடுக்குகளில் அருமண் தனிமங்களும் (லாந்தனம், சீரியம் முதலிய உலோகங்கள்), அவற்றை ஒத்த இட்ரியமும் செறிந்திருப்பதைக் காட்டியது. அதன்பின் இந்தச் சேற்றின் வேதியியலில் ஆர்வம் பெருகியது. அருமண்களின் பெரும்பங்கைத் தாங்கி நிற்பது மீன் பல், எலும்புகளின் கால்சியம் பாஸ்பேட். உயிரோடு இருந்தபோது மீனின் பல்லில் அருமண் அநேகமாக இல்லை; இறந்து கடலடியில் கிடந்த காலத்தில் சுற்றியுள்ள நீரிலிருந்து அது உறிஞ்சிக்கொண்டது.

இந்த நிகழ்வின் நாயகர்கள் ஒரு சிறிய ஆய்வுக் குழுவினர்: ஒரு புவிவேதியியலாளர், ஒரு மூத்த படிவியலாளர், ஆய்வக வேலைகளைப் பார்த்தவர் ஒருவர், இயந்திரக் கற்றல் தெரிந்த இளைஞர் ஒருவர். தரவு அலசலின்போது உடனிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவர்கள் எண்ணியது இரண்டு காரியங்கள். முதலாவது, நாற்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் அளவுகளை வைத்து, மேற்பார்வையற்ற முறைகளால், அதாவது வகைகளை முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்காமல், களிமண்ணை வகைபிரிப்பது. இரண்டாவது, மலிவான எக்ஸ்-கதிர் ஒளிர்வு வருடியின் பதிவிலிருந்தே அருமண் அளவை மதிப்பிடுவது.

தரவு சேர்ந்த விதம்

கடலடியில் குழாயை இறக்கி எடுக்கும் நீள்மாதிரியை ஆய்வகத்தில் எல்லோரும் 'கோர்' என்றுதான் சொல்வார்கள். இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். குழுவிடம் இருந்த கோர்களில் ஒரு பகுதி பழைய துளையிடல் பயணங்களிலிருந்து வந்து சேமிப்பகத்தில் கிடந்தவை. மற்றவை புதியவை. பழையவற்றை ஓர் ஆய்வகமும் புதியவற்றை வேறொரு ஆய்வகமும் அளந்திருந்தன. இரண்டிலும் இறுதி அளவீடு ஐசிபி-எம்எஸ் கருவியில்தான் நடந்தது; கரைசலிலுள்ள தனிமங்களை அயனிகளாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. ஆகவே இரண்டு அட்டவணைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டினால் போதும் என்பது எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றியது.

கருவிக்கு முந்தைய இரண்டு படிகளில் வேறுபாடு இருந்தது. முதல் ஆய்வகம் மாதிரியை வடிநீரில் கழுவி உப்பை நீக்கியபின் உலர்த்தியது. இரண்டாவது கழுவவில்லை, கழுவினால் களிமண் தாள்களுக்கிடையே ஒட்டியிருக்கும் அயனிகளும் மிக நுண்ணிய துகள்களும் நீரோடு போய்விடும் என்பது அவர்களுடைய கவலை. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. அடுத்தது கரைக்கும் முறை. முதல் ஆய்வகம் அமிலக் கலவையில் கரைத்தது. இரண்டாவது லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கரைத்தது.

இவை எதுவும் மறைக்கப்பட்ட தகவல் அல்ல. இரண்டு ஆய்வக அறிக்கைகளின் முன்பக்கங்களிலும் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் கணினிக்குப் போனது எண்கள் மட்டுமே.

முதல் அலசலில் தெரிந்தது

ஒவ்வொரு தனிமத்தையும் சராசரி சுழியாக்கி, திட்டவிலக்கத்தால் வகுத்து, கே-மீன்ஸ் முறையில் கொத்துகளாகப் பிரித்தார்கள். வரைபடத்தில் கொத்துகள் கண்ணுக்கு அழகாகப் பிரிந்து நின்றன. பாஸ்பரஸும் இட்ரியமும் மிகுந்த ஒரு கொத்து. மாங்கனீசு, கோபால்ட், நிக்கல் மிகுந்த இன்னொன்று. தூசு மிகுந்த மற்றொன்று. இவை எதிர்பார்த்தவை. இவற்றுக்கு அப்பால் ஒரு பெரிய கொத்து தனித்து நின்றது. அதில் சோடியம் அதிகம், சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் அதிகம்.

இதற்கு விளக்கம் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை என்பதுதான் வம்பு. சிலிக்கா மிகுந்த எரிமலைச் சாம்பல் சிர்க்கோனியத்தைக் கொண்டுவரும். அந்தச் சாம்பல் கடலடியில் நெடுங்காலம் கிடந்து மாறும்போது ஃபிலிப்சைட் என்ற சியோலைட் கனிமம் உருவாகும். அதில் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. சோடியம், சிர்க்கோனியம் இரண்டும் ஒன்றாக உயர்ந்தால் மாற்றமடைந்த சாம்பல் என்று சொல்வது பாடநூலுக்கு முரணானது அல்ல. 'சாம்பல் வகை' என்ற பெயர் குழுவின் உரையாடலில் சில வாரங்களிலேயே ஊன்றிவிட்டது. ஒரு பெருங்கடல் வட்டாரம் முழுவதும் பரந்த எரிமலை நிகழ்வைப் பற்றிய கட்டுரைத் திட்டம்கூடத் தயாரானது.

ஐயம் எழுந்த இடம்

மூத்த படிவியலாளருக்குக் கொத்து வரைபடத்தைவிட நுண்ணோக்கியில் நம்பிக்கை அதிகம். சாம்பல் வகை என்று குறிக்கப்பட்ட ஆழங்களின் பூச்சுத் தகடுகளை, அதாவது சிறிது மண்ணை மெல்லப் பூசிய கண்ணாடித் தகடுகளை, எடுத்துப் பார்த்தார். ஃபிலிப்சைட் குறுக்காகப் பின்னிய நீள்படிகங்களாகத் தெரியும். இருந்தால் தவறவிட முடியாது. சில ஆழங்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. மற்றக் கொத்துகளின் தகடுகளிலும் அதே நிலைதான். சாம்பல் கண்ணாடித் துகள்களும் தனியாகக் கூடுதலாக இல்லை.

இதைவிடக் கூர்மையான சான்று ஒரு குறிப்பிட்ட கோரில் கிடைத்தது. அந்த ஒரு கோர் மட்டும் இரண்டு காலங்களிலும் மாதிரி எடுக்கப்பட்டது. பழைய மாதிரிகளுக்கு இடையில் விட்டிருந்த இடங்களில் புதிய மாதிரிகள் எடுத்திருந்தார்கள். ஆழவாரியாகக் கொத்தின் நிறத்தைத் தீட்டிப் பார்த்தபோது, சாம்பல், தூசு, சாம்பல், தூசு என்று சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி வந்தது.

இயற்கை அப்படிச் செய்ய வழியே இல்லை. ஒரு சென்டிமீட்டர் சேரப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும் இடத்தில், மேல்மட்டத்துப் பல சென்டிமீட்டர் மண்ணைப் புழுக்களும் பிற உயிர்களும் ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு மெல்லிய அடுக்குகள் எப்போதாவது படிந்திருந்தாலும் அந்தக் கிளறலில் கலந்து மழுங்கியிருக்கும். அந்தக் கோரின் நிறமும் அந்த இடங்களில் மாறவில்லை. மாறியது மாதிரிப் பையின் எண் மட்டுமே.

இளைஞர் இதை நேராகச் சோதித்தார். வேதியியல் அளவுகளை மட்டும் கொடுத்து, 'இந்த மாதிரியை அளந்தது எந்த ஆய்வகம்?' என்று கணிக்கும்படி ஒரு வகைப்பாட்டுக் கணினி மாதிரியை (மாடலை) பழக்கினார். கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அது சரியாகச் சொன்னது. சோடியம், சிர்க்கோனியம், ஹாஃப்னியம் மூன்றையும் நீக்கியபின்னும் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. என் கணிப்பில் இந்த ஆய்வு முழுவதிலும் மிகப் பயனுள்ள ஒரே கணக்கு இதுதான். எழுதுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

காரணம்

சிர்க்கோனியத்தின் கதை எளிது. சிர்க்கான் படிகம் அமிலத்தில் எளிதில் கரையாது. கரையாத துகளோடு அதிலுள்ள சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் அடியில் தங்கிவிடும். உருக்கிக் கரைத்தால் முழுவதும் கரைசலுக்கு வரும். ஆக இரண்டாவது ஆய்வகத்தின் சிர்க்கோனியம் உயரவில்லை. முதலாவதில் குறைவாகப் பதிவாகியிருந்தது.

உப்பின் பாதிப்பு பரவலானது. ஆழ்கடல் களிமண்ணின் ஈர எடையில் பாதிக்கு மேல் கடல்நீராகவே இருக்கக்கூடும். 100 கிராம் ஈர மண்ணில் 60 கிராம் கடல்நீர் என்று வைத்துக்கொண்டால், அதில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் உப்பு. கழுவாமல் உலர்த்தினால் தூளின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் உப்பாகிவிடும். சோடியம் உயர்வதோடு இது நிற்காது. அருமண், அலுமினியம், டைட்டானியம் என்று உப்பில் இல்லாத மற்ற அத்தனையும் அதே விகிதத்தில் குறைந்து தெரியும். ஈரப்பதம் கோருக்குக் கோரும், ஒரே கோரில் ஆழத்துக்கு ஆழமும் மாறுவதால், குறைவின் அளவும் மாதிரிக்கு மாதிரி வேறு. மூன்று தனிமங்களை நீக்கியபின்னும் ஆய்வகத்தின் அடையாளம் எஞ்சியதற்கு இதுவே பெரும் காரணம்.

கூட்டுத்தொகை 100 ஆகக் கட்டுண்ட எண்களில் ஒன்று உயர்ந்தால் மற்றவை தாழ்ந்தே ஆகவேண்டும். பொது வகுத்தி கொண்ட விகிதங்களுக்கிடையே பொய்யான தொடர்பு தோன்றும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்திருந்தார். 1980களில் இன்னொரு புள்ளியியலாளர் ஜான் எய்ச்சிசன் இதற்கு மடக்கை விகிதங்களை, அதாவது தனிம அளவுகளின் விகிதத்துக்கு மடக்கை எடுப்பதை, வழியாக வகுத்தார். புவிவேதியியலில் இது புதிதல்ல. ஆனால் ஆயத்த நிரல் தொகுப்புகளில் முதலில் கைக்கு வருவது திட்டவிலக்கத்தால் வகுக்கும் முறைதான்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதலில் வந்த யோசனை, ஒவ்வொரு ஆய்வகத் தரவின் சராசரியையும் சமமாக்கிவிடும் தொகுதித் திருத்தம். மரபணுத் தரவுகளில் இது வழக்கம். குழு இதை ஏற்கவில்லை. இரண்டு ஆய்வகங்களும் அளந்தவை பெரும்பாலும் வெவ்வேறு கடற்பகுதிகளின் கோர்கள். சராசரிகளைச் சமமாக்கினால் ஆய்வக வேறுபாட்டோடு, அந்தக் கடற்பகுதிகளுக்கிடையே உண்மையாக இருக்கும் வேறுபாடும் அழிந்துபோகும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அட்டவணைக்குள்ளேயே வழி இல்லை. இந்த முடிவைப் பற்றி வாக்குவாதம் நீண்டது. ஒரு வரி நிரலில் முடியக்கூடிய வேலையை மாதக்கணக்கில் இழுப்பதாக இளைஞருக்குத் தோன்றியது இயல்பே.

அதற்குப் பதிலாக உப்பைக் கணக்கிட்டுக் கழித்தார்கள். கடல்நீரில் முக்கிய அயனிகளின் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குளோரினை அளந்து சுமார் 1.807 ஆல் பெருக்கினால் மொத்த உப்பு கிடைக்கும். சோடியம் குளோரினில் 0.56 பங்கு. களிமண் கனிமங்களில் குளோரின் மிகச் சொற்பம் என்பதால் தூளிலுள்ள குளோரின் முழுவதையும் கடல்நீர் உப்பின் கணக்கில் எழுதலாம். சிக்கல் என்னவென்றால், குளோரின் ஐசிபி-எம்எஸ் பட்டியலில் இருக்கவில்லை. மிச்சமிருந்த தூள்களைத் தேடியெடுத்து, நீரில் ஊறவைத்துப் பிரித்து, கரைசலிலுள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி வண்ணப்பிரிகையில் அளக்க வேண்டியதாயிற்று. சில மாதிரிகளில் தூளே மிஞ்சவில்லை. அவை கணக்கிலிருந்து விலக்கப்பட்டன.

சிர்க்கோனியத்தையும் ஹாஃப்னியத்தையும் பொது அலசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கரையாமல் தங்கிய பங்கு அந்தந்த மாதிரியில் உள்ள சிர்க்கான் துகளின் அளவைப் பொறுத்தது. ஒரே எண்ணால் பெருக்கிச் சரிசெய்ய முடியாது.

முதல் ஆய்வகத்தின் பழைய தூள்களில் ஒரு தேர்வுத் தொகுதியை இரண்டாவது ஆய்வகத்தில் உருக்கி மீண்டும் அளந்தார்கள். பாலமாக நின்ற இந்த மாதிரிகள்தாம் எந்தத் தனிமங்களைச் சேர்த்துப் பார்க்கலாம், எவற்றைக் கூடாது என்று தீர்ப்பளித்தன. அருமண்களும் இட்ரியமும் நன்றாகப் பொருந்தின. எல்லாம் முடிந்தபின் எண்களை மடக்கை விகிதங்களாக மாற்றி அலசலைத் தொடங்கினார்கள்.

திருத்தியபின் கிடைத்தது

கொத்துகளின் எண்ணிக்கை குறைந்தது. எல்லைகள் மங்கின. சாம்பல் வகை காணாமல் போனது. அதன் மாதிரிகள் மற்றக் கொத்துகளுக்குள் சிதறிக் கலந்தன.

களிமண்ணைப் பெட்டிகளாகப் பிரிப்பதே பொருத்தம்தானா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஒவ்வொரு மாதிரியும் தூசு, மீன்பல், மாங்கனீசு ஆக்சைடு, சாம்பல் ஆகியவற்றின் கலவை. கலவையைப் பெட்டியில் அடைப்பதைவிடக் கூறுகளாகப் பிரிப்பது இயல்பு. ஆகவே கொத்துமுறையை விட்டுவிட்டு, சார்பிலாக் கூறுப் பகுப்பாய்வுக்கு மாறினார்கள். கூறுகள் புள்ளியியல்படி ஒன்றையொன்று சாராதவை, அவற்றின் பரவல் மணிவடிவம் அல்ல என்ற அடிப்படையில் இது கலவையைப் பிரிக்கும். ஆழ்கடல் அருமண் சேற்றில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்திய முறை. கிடைத்த கூறுகள் ஒவ்வொன்றுக்கும் கனிம அடையாளம் சொல்ல முடிந்தது. ஒன்றில் பாஸ்பரஸ், கால்சியம், இட்ரியம், அருமண்கள் சேர்ந்து உயர்ந்தன. சீரியம் மட்டும் பின்தங்கியது. கடல்நீரில் சீரியம் ஆக்சிசனேற்றம் அடைந்து மாங்கனீசு ஆக்சைடுகளில் ஒட்டிக்கொள்வதால், நீரிலிருந்து அருமண் பெற்ற மீன்பல்லில் அது குறைவாகத்தான் இருக்கும். அந்தச் சீரியம் எதிர்பார்த்த இடத்திலேயே, மாங்கனீசு, கோபால்ட் கூறில் தலைகாட்டியது. யாரும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்காத இந்த வேதியியல் தானாக வந்து விழுந்தபோதுதான் குழுவுக்குத் திருத்தங்கள் மேல் நம்பிக்கை பிறந்தது.

வருடியிலிருந்து அருமண் அளவு

இரண்டாவது காரியம் இதற்குப் பிறகு தொடங்கியதால் எச்சரிக்கையோடு நடந்தது. வருடி, கோரின் வெட்டிய முகத்தை எக்ஸ்-கதிரால் தடவி, சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தனிமங்களின் துடிப்பு எண்ணிக்கையைத் தரும். அருமண்களில் பெரும்பாலானவற்றை அது நேராகப் பார்க்காது. அவற்றோடு கூடவே திரியும் இட்ரியத்தைப் பார்க்கும்.

இட்ரியத்திலும் ஓர் இடர் உண்டு. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில ஆற்றல்களில் எக்ஸ்-கதிரை உமிழும்; அவற்றைக் கோடுகள் என்பார்கள். இட்ரியத்தின் கே-ஆல்ஃபா கோடும் ருபிடியத்தின் கே-பீட்டா கோடும் இரண்டுமே 14.96 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகின்றன. ருபிடியம் தூசுக் களிமண்ணில் ஏராளம். கருவியின் மென்பொருள் இரண்டையும் பிரித்துக் காட்டினாலும், தூசு மிகுந்த அடுக்கில் இட்ரியம் சற்று கூடுதலாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு, மேற்பரப்பில் படரும் நீர்ப்படலம் அலுமினியம், சிலிக்கான் போன்ற லேசான தனிமங்களின் சமிக்ஞையை விழுங்கியது.

முதலில் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற, பல முடிவு மரங்களின் விடைகளைச் சராசரி எடுக்கும் கணினி மாதிரியைப் பழக்கினார்கள். வரிகளைக் குலுக்கிப் போட்டு ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கியபோது பொருத்தம் மிகச் சிறப்பாக வந்தது. மூத்தவர் கேட்டார்: "சோதனைக்கு ஒதுக்கின மாதிரிக்கு ரெண்டு சென்டிமீட்டர் மேலயும் கீழயும் இருக்கிறது பயிற்சியில இருக்குன்னா, அது கணிப்பா, எட்டிப் பார்க்கிறதா?" அடுத்தடுத்த ஆழங்கள் வேதியியலில் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவர் கேட்டது நியாயம். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் கோரை விலக்கிவைத்துச் சோதித்தார்கள். மதிப்பெண் வெகுவாக இறங்கியது.

இறக்கம் எல்லாக் கோர்களிலும் ஒன்றுபோல இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான கோர்களில் பிழை தாங்கக்கூடியதே. அருமண் மிகச் செறிந்த ஒரு கோரில் மட்டும் உச்சங்கள் மொட்டையடித்தது போல் தட்டையாகக் கணிக்கப்பட்டன. மர அடிப்படையிலான மாதிரி, பயிற்சியில் கண்ட அளவுகளின் சராசரிகளைத்தான் விடையாகத் தரும். கண்டிராத உயரத்துக்கு அது ஏறாது. தேடலின் நோக்கமே கண்டிராத உயரங்களைப் பிடிப்பது என்னும்போது, இந்தக் குணம் வேலைக்கு உதவாது. இட்ரியம், ருபிடியம், கால்சியம், டைட்டானியம், இரும்பு ஆகிய சிலவற்றின் மடக்கை விகிதங்களை மட்டும் கொண்ட எளிய நேரியல் பொருத்தத்துக்கு மாறினார்கள். குலுக்கல் சோதனையில் இது பின்தங்கியது, கோர் விலக்கிய சோதனையில் முந்தியது. ருபிடியத்தின் கலப்படத்தையும் அது தன் எதிர்க்குறிக் கெழுவால் ஓரளவு கழித்துக்கொண்டது.

விளைவு

எரிமலை நிகழ்வைப் பற்றிய கட்டுரை கைவிடப்பட்டது. கூறுப் பகுப்பாய்வின் முடிவுகள், உப்புத் திருத்தத்துக்கு முந்தைய எண்களும் பிந்தைய எண்களும் தனித்தனி அட்டவணைகளாக, அறிக்கையில் இடம்பெற்றன. வருடிக் கணிப்பை அருமண் அளவாக வெளியிடுவதில்லை என்று குழு முடிவு செய்தது. எந்த ஆழத்தில் மாதிரி எடுத்து முறையாக அளக்கலாம் என்று தேர்ந்தெடுக்க மட்டுமே அது பயன்படுகிறது. இந்த அடக்கமான பயனே எனக்கு நியாயமாகப் படுகிறது: உச்சம் எங்கே என்று அது நன்றாகச் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்வதில் தடுமாறுகிறது.

செலவு சிறிதல்ல. குளோரின் அளவீடும் பால மாதிரிகளும் ஓர் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியைத் தின்றன. இளைஞரின் பெயரில் வந்திருக்க வேண்டிய முதல் கட்டுரை தள்ளிப்போனது. அதை யாரும் ஈடுகட்டவில்லை.

அடுத்த முறை மாற்றப்படுவது

எண் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ஆய்வகம், கழுவியதா இல்லையா, கரைத்த முறை, அளந்த தொகுதி, கோரின் பெயர் ஆகிய நெடுவரிசைகள் வேதியியலுக்கு முன்னதாகவே இருக்கும். இவற்றைக் கணினி மாதிரிக்குக் கொடுப்பதில்லை. ஆனால் எந்த முடிவையும் ஏற்கும் முன் இவற்றின்படி நிறம் தீட்டிப் பார்ப்பது கட்டாயம். ஆய்வகத்தைக் கணிக்கும் அந்தச் சிறு சோதனை, கொத்தாக்கத்துக்குப் பின்னால் அல்ல, முதல் நாளிலேயே ஓடும்.

குளோரின் எல்லா மாதிரிகளிலும் அளக்கப்படும், கழுவியவற்றிலும்கூட. கழுவல் எவ்வளவு முழுமை என்பதற்கு வேறு சாட்சி இல்லை. இரண்டு ஆய்வகங்கள் பங்கேற்றால், பால மாதிரிகளின் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்படும். ஆய்வகங்கள் தம் அளவீட்டைச் சரிபார்க்கப் பயன்படுத்தும், அளவு தெரிந்த பொதுவான நியமக் கல்தூளை மட்டும் நம்புவது போதாது: அதில் கடல் உப்பும் இல்லை, களிமண்ணைப் போல நீரைப் பிடித்துவைக்கும் குணமும் இல்லை.

சோதனைப் பிரிப்பு கோர் வாரியாகவே நடக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு: ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்தாலும் கோர்கள் சொற்பம். பிழையின் மதிப்பீடே ஆட்டம் காணும். அதற்கு வரிகளைக் கூட்டுவது மருந்தாகாது. ஒரே கோரில் இன்னும் நெருக்கமாக அளப்பதைவிட, புதிய இடத்தில் ஒரு கோரை மேலோட்டமாக அளப்பது அதிகம் உதவும் என்று குழு இப்போது திட்டமிடுகிறது.

ஒரு கோரின் மேற்பகுதியில் மட்டும் வருடிக் கணிப்பு இன்னமும் அளவுக்கு மீறி உயர்ந்தே வருகிறது. பெரிய மீன்பற்கள் வெட்டிய முகத்தில் நேராகத் தெரிவதால் கதிர் அவற்றையே அதிகம் பார்க்கிறது என்பது மூத்தவரின் ஊகம். அந்தப் பகுதியைச் சலித்து, 63 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களைத் தனியே அளக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.